ஆங்கில்சி பிரபுவின் வாரிசுகள்: பதிவில்லாத பிறப்பும் நம்பப்படாத திருமணமும்

வாரிசுரிமை வழக்குகளை நடத்தும் எங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு உண்டு: “இவன் யாருடைய மகன் என்று ஊருக்கே தெரியுமே, அதற்கு எதற்குக் காகிதம்?” அப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பதினெட்டாம் நூற்றாண்டு அயர்லாந்தின் பிரபுக்களில் ஒருவரும் பின்னாளில் ஆங்கில்சி பிரபு ஆனவருமான ரிச்சர்டு ஆன்ஸ்லியின் குடும்ப வரலாற்றை. அண்ணன் மகனின் பிறப்பை மறுத்துச் சொத்தையும் பட்டத்தையும் எடுத்துக்கொண்ட அவர், தம் சொந்த மகனின் பிறப்பை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டும் சான்றை விட்டுச் செல்லவில்லை. அதன் விளைவை அந்த மகன்தான் அனுபவித்தார்.

ஆன்ஸ்லி குடும்பம் ஆங்கிலேய ஆட்சியோடு அயர்லாந்தில் வேரூன்றிய குடும்பம். பிரான்சிஸ் ஆன்ஸ்லி அங்கே மவுண்ட்நோரிஸ் பாரன், வலென்ஷியா வைகவுண்ட் ஆகிய பிரபுப் பட்டங்களைப் பெற்றார். அவருடைய மகன் ஆர்தர் 1614இல் டப்ளினில் பிறந்து, இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஆட்சியில் 1661இல் அவற்றைவிட உயர்ந்த பிரபுப் பட்டமான ஆங்கில்சி ஏர்ல் பட்டத்தைப் பெற்றார். பின்னர் அரச முத்திரைக் காப்பாளராகவும் இருந்தார். இந்த முதல் ஏர்லின் இளைய மகன் ஒருவருக்கு 1681இல் அயர்லாந்தின் ஆல்தம் பாரன் பட்டம் தனியே வழங்கப்பட்டது. அந்த இளைய கிளை பின்னர் எக்ஸெட்டர் தேவாலயத்தின் தலைமைக் குருவாக இருந்த ரிச்சர்டுக்கும், 1701இல் அவர் இறந்தபின் அவருடைய மகன் ஆர்தருக்கும் வந்தது. நான்காம் ஆல்தம் பிரபுவான இந்த ஆர்தரின் தம்பிதான் நம் ரிச்சர்டு. மூத்த கிளையில் ஆண் வாரிசு அற்றுப்போனால் ஏர்ல் பட்டமும் இங்கிலாந்து, அயர்லாந்து நிலங்களும் ஆல்தம் கிளைக்கு வந்து சேரும் என்பது குடும்பத்தார் அனைவரும் அறிந்த கணக்கு.

ஆர்தர், பக்கிங்ஹாம் டியூக்கின் மணவழிப் பிறவாத மகளான மேரி ஷெஃபீல்டை 1707இல் மணந்தார். கடனும் குடியும் சண்டையுமாகப் போன அந்த வாழ்க்கையில், இருவரும் சிறிது காலம் வெக்ஸ்ஃபர்டு மாவட்டத்தின் டன்மெய்ன் மாளிகையில் சேர்ந்து வாழ்ந்தார்கள். அங்கேதான் 1715இல் ஜேம்ஸ் பிறந்ததாகப் பின்னாளில் ஒரு தரப்பு வாதிட்டது. ஜோன் லாண்டி என்ற பணிப்பெண் அவனுக்குப் பாலூட்டிய செவிலி என்பது அவர்கள் கூற்று. அவள்தான் பெற்ற தாய், சீமாட்டிக்குக் குழந்தையே பிறக்கவில்லை என்பது எதிர்த்தரப்பின் கூற்று. 1717இல் ஆர்தர் மனைவிமீது ஒழுக்கப் பழி சுமத்தி வீட்டை விட்டு வெளியேற்றினார். சிறுவன் தந்தையிடமே இருந்தான், ஆனால் வேறொரு பெண் அந்த வீட்டுக்கு வந்தபின் புறந்தள்ளப்பட்டு, டப்ளின் தெருக்களில் எடுபிடி வேலை செய்து பிழைத்தான். பர்செல் என்ற இறைச்சிக் கடைக்காரர் இரக்கப்பட்டு அவனைச் சில காலம் தம் வீட்டில் வைத்திருந்தார்.

தந்தையே மகனை ஏன் தெருவில் விட்டார் என்பதற்கு வழக்கில் சொல்லப்பட்ட காரணம், சொத்து வழக்கு பார்த்தவர்களுக்கு வியப்பளிக்காது. கடனில் மூழ்கியிருந்த ஆர்தர், ஏர்லின் நிலங்களில் தமக்கு எதிர்காலத்தில் வரவேண்டிய உரிமையை விற்றுப் பணமாக்க விரும்பினார். மகன் என்று ஒருவன் இருந்தால் வாங்குபவர் தயங்குவார். வாரிசு இல்லையென்றால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கையெழுத்திட்டாலே போதும்.

1727 நவம்பரில் ஆர்தர் இறந்து, டப்ளின் கிறிஸ்து தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ரிச்சர்டு ஐந்தாம் ஆல்தம் பிரபு என்று தம்மை அறிவித்துக்கொண்டார். சிறுவனைப் பிடித்துப்போக அவர் செய்த ஒரு முயற்சியை இறைச்சிக் கடைக்காரர் தடுத்துவிட்டார், ஆனால் 1728 ஏப்ரலில் சித்தப்பாவின் ஆட்கள் அவனைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள். அமெரிக்காவின் டெலவேரில் ஒப்பந்தக் கூலியாக விற்கப்பட்ட அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே உழைத்தான். இதற்கிடையே 1737இல் மூத்த கிளையின் ஐந்தாம் ஏர்ல் பிள்ளையின்றி இறக்க, ரிச்சர்டு ஆறாம் ஆங்கில்சி ஏர்ல் ஆனார். தாய் மேரி 1729இலேயே இலண்டனில் இறந்திருந்தார். மகனுக்காகப் பேசியிருக்கக்கூடிய முதன்மைச் சாட்சி அதோடு போயிற்று.

1740இல் ஜேம்ஸ் தப்பி ஜமைக்காவை அடைந்து, தளபதி வெர்னனின் கடற்படையில் சேர்ந்து, அடுத்த ஆண்டு இங்கிலாந்து வந்தார். டேனியல் மெக்கர்ச்சர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தம் கைப்பணத்தைச் செலவிட்டு அவருக்குத் துணைநின்றார். 1742 மே மாதம் ஸ்டெயின்ஸ் என்ற ஊரருகே, மீன் திருடிய ஒருவரைப் பிடிக்க முயன்றபோது ஜேம்ஸின் துப்பாக்கி வெடித்து அந்த மீன் திருடியவர் இறந்தார். அதைக் கொலை வழக்காக்கி அண்ணன் மகனைத் தூக்கிலேற்ற, ஏர்ல் தாமே செலவு செய்தார். இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில், அது விபத்தே என்று ஜேம்ஸை விடுவித்தது.

டப்ளின் எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தில் 1743 நவம்பர் 11 அன்று தொடங்கிய உரிமை வழக்குதான் இந்தக் குடும்பத்தின் பெயரைச் சட்ட நூல்களில் நிறுத்தியது. மீத் மாவட்ட நிலங்களுக்காக, அன்றைய வழக்கப்படி ஜேம்ஸிடமிருந்து குத்தகை பெற்றதாகக் காட்டப்பட்ட கேம்பெல் கிரெய்க் என்பவரின் பெயரில் வழக்கு தொடுக்கப்பட்டது. விசாரணை ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டது. கேள்வியோ மிக எளியது: மேரி சீமாட்டி டன்மெய்னில் ஒரு குழந்தையைப் பெற்றாரா, இல்லையா? அதற்கு விடை சொல்லப் பிறப்புப் பதிவு எதுவும் முன்வைக்கப்படவில்லை. அயர்லாந்தில் பிறப்புகளை அரசே பதியும் முறை 1864இல்தான் வந்தது. ஆகவே வேலையாட்களும் அண்டை வீட்டாரும் உறவினரும் ஒருவர்பின் ஒருவராகக் கூண்டேறி, இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நாளை நினைவிலிருந்து சொன்னார்கள். ஞானஸ்நானத்தைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். சீமாட்டியின் தோழியான மேரி ஹீத், அந்த வேளையில் சீமாட்டி வெக்ஸ்ஃபர்டு நீதிமன்ற அமர்வைப் பார்க்கப் போயிருந்தார், கருவுறவே இல்லை என்று உறுதிபடச் சொன்னார். இரு தரப்புச் சாட்சிகளும் சத்தியத்தின் பேரில்தான் பேசினார்கள். ஏதோ ஒரு தரப்பு முழுப்பொய் சொல்லியிருக்க வேண்டும்.

ஜேம்ஸ் தரப்பின் வலுவான வாதம் ஏர்லின் நடத்தையிலிருந்தே பிறந்தது. பணிப்பெண்ணின் மகன் என்றால், அவனைக் கடல் கடத்தவும் பின்னர் தூக்கிலேற்றவும் ஒரு பிரபு இத்தனை பாடுபட்டது ஏன்? இதை மெய்ப்பிக்க அழைக்கப்பட்டவர் ஏர்லின் சொந்த வழக்கறிஞரான ஜான் கிஃபர்டு. ஜேம்ஸைத் தூக்கிலேற்ற முடியுமானால் பத்தாயிரம் பவுன் செலவானாலும் சரி என்று ஏர்ல் தம்மிடம் சொன்னதாக அவர் சாட்சியம் அளித்தார். கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியிடலாமா என்ற வாதம் நீண்ட நேரம் நடந்தது. அந்தப் பேச்சு சட்ட ஆலோசனைக்குத் தேவையானதன்று, குற்ற நோக்குடையது, ஆகவே அதற்கு இரகசியப் பாதுகாப்பு இல்லை என்று நீதிபதிகள் அதை ஏற்றார்கள். இத்தனைக்கும் கிஃபர்டு வாய்திறக்க வழி செய்தது ஏர்லின் கஞ்சத்தனம். ஓல்டு பெய்லி வழக்குக்கான கட்டணத்தைத் தர மறுத்ததால் அவரும் ஏர்லும் பகையாகியிருந்தார்கள்.

இந்தக் கொள்கை நமக்கு அந்நியமானதன்று. அதே ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபிலிருந்து வந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவும், இப்போது அதன் இடத்தில் உள்ள 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 132ஆம் பிரிவும், வழக்கறிஞரிடம் சொல்லப்படுவதைப் பாதுகாக்கும்போதே, சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகச் சொல்லப்படுவதை விலக்கிவைக்கின்றன. பங்காளியின் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்க வழி கேட்டு வருபவர்கள், “உங்களிடம் சொன்னது வெளியே போகாதல்லவா?” என்று நம்பிக்கையோடு கேட்பதுண்டு. நடந்துபோன தவற்றுக்குத் தற்காப்புக் கேட்பதற்கும், செய்யப்போகும் மோசடிக்குத் துணை கேட்பதற்கும் சட்டம் வேறுபாடு காண்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

நடுவர் குழு (ஜூரி) ஜேம்ஸுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1745இல் மேரி ஹீத்மீது பொய்ச்சாட்சி வழக்குத் தொடுக்கப்பட்டபோது, வேறொரு நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. ஒரே கேள்வியில் இரண்டு ஆண்டுகளுக்குள் எதிரெதிரான இரண்டு முடிவுகள்! வாய்மொழிச் சாட்சியத்தை மட்டுமே நம்பி நிற்கும் வழக்கின் நிலை எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். ஏர்ல் தரப்பு பிழைத்திருத்த மேல்முறையீட்டால் காலத்தை இழுத்தது. ஜேம்ஸிடம் பணம் இல்லை. வென்ற வழக்கின் பலனாகப் பட்டத்தைப் பெறாமலே 1760 ஜனவரியில் அவர் இறந்தார். ரிச்சர்டு 1761 பிப்ரவரியில், ஏர்லாகவே இறந்தார்.

ரிச்சர்டின் மணவாழ்க்கை இன்னும் சிக்கலானது. 1715இல் டெவன் மாவட்டத்தைச் சேர்ந்த ஆன் பிரஸ்ட் என்பவரை மணந்து, பிறகு அவரைக் கைவிட்டார். அவர் உயிரோடிருக்கும்போதே டப்ளின் துணி வணிகர் ஒருவரின் மகள் ஆன் சிம்சனோடு மனைவியாகவே வாழ்ந்து மூன்று பெண்களுக்குத் தந்தையானார். பின்னர் அவரையும் ஒதுக்கவே, சிம்சன் திருச்சபை நீதிமன்றத்தை நாடினார். 1741இல் முதல் மனைவி இறந்தார். அதே ஆண்டு கேமொலின் மாளிகையில் ஜூலியானா டோனவன் என்பவரை இரகசியமாக மணந்ததாக ஏர்ல் பின்னாளில் சொன்னார். 1744இல் அவர்களுக்கு ஆர்தர் என்ற மகன் பிறந்தான். 1752இல் இருவருக்கும் வெளிப்படையாக இன்னொரு முறை திருமணம் நடந்தது.

சட்டச் சிக்கல் முழுவதும் அந்த இரண்டு தேதிகளுக்கு இடையில் இருந்தது. பெற்றோர் பின்னர் மணந்துகொண்டாலும் முன்பே பிறந்த பிள்ளை முறைப்படியான வாரிசாக மாட்டான் என்பது பொதுச்சட்டத்தின் கண்டிப்பான விதி. இங்கிலாந்து 1926இலும் அயர்லாந்து 1931இலும்தான் அதைத் தளர்த்தின. எனவே 1741 திருமணம் மெய்யானால் ஆர்தர் வாரிசு. 1752 திருமணம் மட்டுமே மெய்யானால் அல்லர். முந்தைய திருமணத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட சான்றைப் போலி என்று எதிர்த்தரப்பு தாக்கியது. மறைவில் நடந்த மணத்தைப் பத்தாண்டுகளுக்குப் பின் வெளிக்கொணர்ந்ததே ஐயத்தை வளர்த்தது. உறுதி செய்வதற்காக நடத்திய இரண்டாம் சடங்கு முதல் சடங்கைப் பலவீனப்படுத்திவிட்டது என்பது என் கணிப்பு. 1771இல் நாடாளுமன்றத்தின் மேலவையான ஆங்கிலேயப் பிரபுக்கள் சபை ஆர்தருக்கு ஏர்ல் பட்டத்தில் உரிமை இல்லை என்றது. அயர்லாந்துப் பிரபுக்கள் சபையோ அதே மகனை முறையான வாரிசாக ஏற்று, ஆங்கிலேய முடிவுக்குப் பின்னும் அதில் உறுதியாக நின்றது. ஐரியக் கடலின் ஒரு கரையில் முறையான மகன், மறுகரையில் அல்லன்!

இன்றைய இந்துத் திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளையும் முறையான பிள்ளைகளாகவே கருதி, பெற்றோரின் சொத்தில் உரிமை தருகிறது. ஆர்தருக்கு நேர்ந்தது இங்கே அப்படியே நேராது. ஆனாலும் அந்த உரிமை பெற்றோரின் சொத்தோடு நின்றுவிடுவதால், திருமணம் செல்லுமா, அது எப்போது நடந்தது என்ற கேள்விகள் நம் நீதிமன்றங்களில் உயிரோடுதான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதியக் கட்டாயமாக்கியுள்ளது. கோயிலில் எளிமையாக நடந்த மணம், இரண்டாம் மணம், வீட்டார் எதிர்ப்பை மீறிய மணம் ஆகியவையே பதிவின்றி விடப்படுகின்றன. வழக்கு வருவதும் பெரும்பாலும் அவற்றில்தான். பிறப்பை இருபத்தொரு நாளுக்குள் பதிந்து, தந்தை, தாய் பெயர்கள் எழுத்துப்பிழையின்றி இருக்கின்றனவா என்று அன்றே பார்த்துவிடுவது, பின்னாளில் பத்துச் சாட்சிகளைத் தேடி அலைவதைத் தவிர்க்கும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் உறவைக் காட்ட உதவும், ஆனால் சொத்துரிமை பற்றிய தகராறு வந்தால் அதைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றமே.

ஆங்கில்சி ஏர்ல் பட்டம் ரிச்சர்டோடு 1761இலேயே முடிந்ததாகக் கருதப்பட்டது. வலென்ஷியா வைகவுண்டாக நீடித்த ஆர்தருக்கு 1793இல் அயர்லாந்தின் மவுண்ட்நோரிஸ் ஏர்ல் என்ற புதிய பட்டம் கிடைத்தது. அவருடைய மகன் ஜார்ஜ்தான் 1802 முதல் 1806 வரை இந்தியா, இலங்கை, செங்கடல் நாடுகள் எங்கும் பயணம் செய்து, அதை 1809இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட வலென்ஷியா பிரபு. 1844இல் அவர் ஆண் வாரிசின்றி இறந்தபோது மவுண்ட்நோரிஸ் ஏர்ல் பட்டமும் அற்றுப்போனது. பழைய வைகவுண்ட் பட்டம் மட்டும், முதல் வைகவுண்டின் வழியில் வந்த தூரத்து உறவினர் ஒருவரைச் சென்றடைந்தது.