வாசற்படிக்கு வந்த நோட்டீசும் நகராட்சித் துணை விதிகளும்

சென்ற ஐப்பசி மாதம், மழை சற்று விட்டிருந்த ஒரு காலையில், பக்கத்து ஊரிலிருந்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் மஞ்சப்பையில் ஒரு நோட்டீசை மடித்து வைத்துக்கொண்டு மயிலாடுதுறையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். வடிகாலின் மேல் அவர் கட்டியிருந்த மூன்று படிகளையும் அகற்றும்படி அவ்வூர் நகராட்சி அனுப்பிய அறிவிப்பு அது. "இது யாரு சார் போட்ட சட்டம்? அந்த செக்‌ஷன் கிளார்க்குதான் என் மேல உள்ள கோவத்துல அனுப்பிட்டாரு" என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தார்.

டெல்டா நகராட்சிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, அதில் பெரும்பகுதியை நகர்மன்றக் கூட்ட வேலைகளைப் பார்க்கும் மன்றப் பிரிவு மேசையிலேயே கழித்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். நகராட்சியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் அதை "முனிசிபாலிட்டி சட்டம்" என்று சொல்லிவிடுவது நம் மக்களின் வழக்கம். ஆனால் அந்தத் தாளுக்குப் பின்னால் இருப்பது சட்டமா, விதியா, துணை விதியா, மன்றத் தீர்மானமா என்று தெரிந்தால்தான் யாரிடம் போய் என்ன கேட்பது என்பது விளங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது சட்டமன்றம் இயற்றிய சட்டம். நூறாண்டுகளுக்கு மேல் நம் நகராட்சிகளை நடத்திவந்த 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் இடத்துக்கு, 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 வந்திருக்கிறது. (1998இல் இயற்றிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரக் கால் நூற்றாண்டு ஆனது, எங்கள் கோப்புகள்கூட அவ்வளவு தாமதப்பட்டதில்லை.) அதற்கு அடுத்தபடி, அந்தச் சட்டத்தின் கீழ் அரசு பிறப்பித்த 2023ஆம் ஆண்டு விதிகளும், கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் உள்ளன. இவை மாநிலம் முழுமைக்கும் பொதுவானவை என்பதால், பக்கத்தில் விடவேண்டிய இடத்தை "நான் பேசி முடித்துத் தருகிறேன்" என்று வார்டு உறுப்பினர் சொன்னாலும், அந்த விதியைத் தளர்த்தும் அதிகாரம் அவருக்கும் கிடையாது, அவர் உட்கார்ந்திருக்கும் மன்றத்துக்கும் கிடையாது. சட்டத்துக்கு முரணாக மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றினாலும், அதை நிறுத்திவைக்கவோ நீக்கவோ அரசால் முடியும்.

துணை விதி என்பது இவற்றுக்குக் கீழே, ஒரு நகரத்தின் எல்லைக்குள், அந்த நகரத்து மன்றம் செய்துகொள்ளும் ஏற்பாடு. வரைவு தயாராகி, பொதுமக்களின் ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் கேட்கப்பட்டு, அவை மன்றத்தில் வைக்கப்பட்டு, உரிய ஒப்புதலும் பெற்று அரசிதழில் வெளியான பிறகுதான் அதற்கு உயிர் வருகிறது. நம் கைக்கு எட்டும் தூரத்தில் உருவாகிற ஒரே சட்டம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்; ஆனால் வரைவு வெளியாகும் அந்தச் சில நாட்களில் அலுவலக அறிவிப்புப் பலகையின் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளைத் தொடர்ந்து நகராட்சிகள் துணை விதிகள் கொண்டுவந்தபோது, நான் இருந்த அலுவலகத்தில் வரைவுக்கு வந்த ஆட்சேபணை ஒன்றே ஒன்றுதான். பேருந்து நிலையத்தை ஒட்டிக் காப்பிக் கடை வைத்திருந்த ஒருவர், தன் கடையில் சேருவது வாழையிலையும் காப்பித் தூளுமே என்றும், பெரிய ஓட்டல்களுக்குரிய கட்டணத்தைத் தனக்கும் விதிப்பது நியாயமில்லை என்றும் அரைத்தாளில் பென்சிலால் எழுதியிருந்தார். அந்த அரைத்தாளையும் மன்றப் பொருளோடு, அதாவது கூட்டத்தில் விவாதத்துக்கு வைக்கும் குறிப்போடு, இணைத்து வைத்தேன். கூட்டத்தில் அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. பிறகு கட்டணம் வசூலுக்கு வந்த நாளில் நாற்பது ஐம்பது பேர் திரண்டு வந்து மேலாளர் அறையின் முன் நின்றார்கள். அவர்களில் எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை.

இனி, கிளார்க் என்று எல்லோரும் சொல்லும் அந்த உதவியாளரின் வேலைக்கு வருவோம். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சிட்டி கிளார்க் என்பது தனிப் பதவி. மன்ற நடவடிக்கைக் குறிப்புகள், நகரச் சட்டங்கள், முத்திரை, ஆவணங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. தமிழ்நாட்டில் அப்படி ஒரு பதவி இல்லை. ஆவணங்களுக்கு ஆணையர் பொறுப்பு. நாள்தோறும் அவற்றைக் கையாள்பவர் மன்றப் பிரிவு உதவியாளர். கூட்ட அறிவிப்பை உறுப்பினர்களிடம் சேர்த்துக் கையெழுத்து வாங்குவதும், மன்றப் பொருளைத் தயாரிப்பதும், கூட்டம் நடக்கும்போது சத்தம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தீர்மானத்தின் வாசகத்தை மட்டும் பிடித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவதும், நகல் கேட்டு வருபவருக்கு எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஆனால் முடிவெடுப்பவர் படிக்கும் குறிப்பை எழுதுபவர் அவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் எங்கள் பதிவறையின் ஓடுகள் பறந்துவிட்டன. மறுநாள் நனைந்த கட்டுகளை அவிழ்த்து, மன்றக் கூடத்து மேசைகளின் மேல் தாள் தாளாகப் பரப்பி உலர்த்தினோம். மின்சாரம் இல்லாததால் விசிறி மட்டையால் வீசிக்கொண்டிருந்தார் அலுவலக உதவியாளர். யாரோ ஒருவருடைய பாட்டனார் பெயரில் இருந்த வரி விதிப்புப் பதிவேட்டில், மை கரைந்து பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்காக ஒரு பெரியவர் நேராக என்னிடம் கொடுத்த மனுவை, தபால் பிரிவுக்கு அனுப்பி எண் போடாமல், "பார்க்கிறேன் ஐயா" என்று சொல்லி ஒரு கோப்புக்குள் செருகிவைத்தேன். நல்லெண்ணத்தில்தான் செய்தேன். மூன்று மாதம் கழித்து நான் மாறுதலாகிப் போய்விட்டேன். அந்த மனு இருந்ததற்கு எந்தப் பதிவேட்டிலும் தடயம் இல்லை. பெரியவர் மறுபடியும் முதலிலிருந்து அலைந்தார். ந.க. எண், அதாவது தபால் பிரிவில் போடும் அந்தப் பதிவு எண், ஏறாத மனுவுக்கு அலுவலகத்தில் பிறப்பே இல்லை. ஆகவே தெரிந்தவரிடம் கொடுப்பதைவிடத் தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவது மேல். பதில் வராவிட்டால், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த எண்ணைக் குறிப்பிட்டே நிலையைக் கேட்கலாம், 30 நாட்களுக்குள் தகவல் தர வேண்டும். எந்தத் துணை விதியின் கீழ் கட்டணம் கேட்கிறார்கள், அது எந்த அரசிதழில் வந்தது என்பதையும் இதே வழியில் கேட்டு நகல் பெறலாம்.

மளிகைக் கடைக்காரரின் நோட்டீசை விரித்துப் பார்த்தோம். கையெழுத்து ஆணையருடையது, கோவித்துக்கொண்டதாக அவர் சொன்ன உதவியாளரின் பெயர் எங்குமே இல்லை. குறிப்பிட்டிருந்த பிரிவு சட்டத்தின் பிரிவு, துணை விதி அன்று. எனவே மன்றத்தில் பேசி மாற்றுவதற்கு அதில் எதுவும் இல்லை. பதில் தர 7 நாள் கொடுத்திருந்தார்கள், அதில் 4 நாள் போயிருந்தது. வீட்டில் மகளின் நிச்சயதார்த்தம் இருப்பதையும், படிகளைத் தாமே அகற்றிக்கொள்வதையும் குறிப்பிட்டு அவகாசம் கேட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். எழுதி முடித்தவர், "இதை அந்தக் கிளார்க்குக்கிட்டயே கொடுத்துடவா சார்?" என்றார். தபால் பிரிவு எந்தப் பக்கம் இருக்கும் என்பதை அதே தாளின் பின்புறத்தில் வரைந்து காட்டிவிட்டு, பிறகு நினைவு வந்து, வரையாத வேறொரு தாளில் அவரை மறுபடியும் எழுதவைத்தேன்.