குவார்ட்ஸ், படிகம், பளிங்கு: எந்தக் கல்லுக்கு எந்தப் பெயர்?

கனிமங்கள் சேர்ப்பவர் கையில் ஒரு நல்ல கல் வந்துவிட்டால் அடுத்த வேலை அதற்கு ஒரு சீட்டு எழுதுவது. கல்லின் பெயர் என்ன, எந்த ஊரில் கிடைத்தது என்று எழுத வேண்டும். ஊர்ப் பெயரில் சிக்கல் இல்லை. கல்லின் பெயரைத் தமிழில் எழுதப் போனால்தான் குழப்பம். பூஜைப் பொருள் கடையில் ஸ்படிகம் என்கிறார்கள், பள்ளிப் புத்தகத்தில் குவார்ட்ஸ் என்று இருக்கிறது, பழைய இலக்கியத்தில் பளிங்கு, காட்டு மேட்டில் வெங்கச்சங்கல். எல்லாம் ஒரே கனிமம். ஆனால் வேதியியல் வகுப்பில் உப்பையும் சர்க்கரையையும் கூடப் படிகம் என்கிறோம், தாஜ்மகாலைப் பளிங்கு மாளிகை என்கிறோம். தமிழில் சொல் பஞ்சமே கிடையாது, எந்தச் சொல் எதற்கு என்று பிரித்துக்கொள்ளாததுதான் குறை என்பது என் கருத்து.

முதலில் குவார்ட்ஸ். இது ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்களின் சொல். வெள்ளியும் வெள்ளீயமும் தேடி மலையைக் குடைந்தவர்கள், தாதுவோடு கூடவே வந்த, உளிக்கு இளகாத வெள்ளைக் கல்லை அப்படி அழைத்தார்கள். கடினமான என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து, வேறு விளக்கங்களும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் சுரங்கவியல் பற்றி எழுதிய அக்ரிகோலா இதை லத்தீன் வடிவில் பயன்படுத்திய பிறகு அறிஞர்கள் எழுத்திலும் ஏறிவிட்டது.

கல் என்று பார்த்தால் இது வெறும் சிலிக்கனும் ஆக்சிஜனும்தான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 7, அதாவது சாதாரணக் கண்ணாடியைக் கீறிவிடும். வளர இடம் கிடைத்தால் ஆறு பக்கத் தூணாக வளர்ந்து கூம்பு முனையோடு முடியும். தூணின் பக்கங்களில் குறுக்கே மெல்லிய கோடுகள் ஓடும், இயற்கையாக வளர்ந்த முகங்களை அடையாளம் காண நல்ல வழி அது. 1669இல் ஸ்டெனோ என்பவர், குவார்ட்ஸ் ஒல்லியோ குண்டோ கோணலோ, எப்படி வளர்ந்திருந்தாலும் ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறுவதில்லை என்று கண்டு எழுதினார். படிகவியல் என்ற துறைக்கே அடித்தளம் போட்ட கவனிப்பு இது.

சரி, படிகம் என்ற சொல்லுக்கு வருவோம். கரைசலிலிருந்து படிந்து உருவாவதால் படிகம் என்று நினைக்கத் தோன்றும், பொருத்தமாகவும் இருக்கும், ஆனால் சொல் அங்கிருந்து வரவில்லை. சமஸ்கிருத ஸ்படிகத்தின் தமிழ் வடிவம் இது. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பதால் ஸ்தலம் தலமானது போல ஸ்படிகம் படிகமானது. ஆக, தொடக்கத்தில் இது ஒரே ஒரு கல்லின் பெயர், நிறமற்ற தெளிந்த குவார்ட்ஸின் பெயர். பிறகு அறிவியல் தமிழ் அதை எடுத்து, ஒழுங்கான உள்ளமைப்பு கொண்ட திடப்பொருள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்தது. கிரிஸ்டல் என்ற சொல்லுக்கும் இதேதான் நடந்தது. கிரேக்கத்தில் அது பனிக்கட்டியைக் குறித்த சொல். தெளிந்த குவார்ட்ஸ் என்பது கடுங்குளிரில் உறைந்து இறுகிய நீர் என்று ரோமானியரான பிளினி எழுதி வைத்தார். அந்தக் கல்லின் பெயராக இருந்தது பிறகு எல்லாப் படிகங்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. இரண்டு மொழிகளிலும் சொல் ஒரே பாதையில் நடந்திருக்கிறது!

பளிங்கின் கதைதான் எனக்கு வருத்தம். "அடுத்தது காட்டும் பளிங்குபோல்" என்ற குறளில் (706) வருவது சலவைக்கல், அதாவது மார்பிள், இல்லை. பக்கத்தில் இருப்பதன் நிறத்தைத் தன்னில் காட்டும் தெளிந்த கல் அது. மணிமேகலையில் உவவனம் என்ற சோலையின் பளிக்கறைக்குள், அதாவது பளிங்கு அறைக்குள், இருப்பவளின் உருவம் வெளியிலிருந்து தெரிகிறது, இன்று நாம் பளிங்கு என்று சொல்லும் கல்லில் சுவர் எழுப்பினால் அது நடக்குமா? ஸ்படிகத்துக்குப் பாலி மொழியில் பளிக என்ற வடிவம் உண்டு, பளிங்கு அந்த வழியில் வந்திருக்கலாம். பளபள, பளிச்சு என்பவற்றோடு சேர்த்துத் தமிழ் வேரே சொல்பவர்களும் இருக்கிறார்கள். எப்படி இருந்தாலும், இன்றைய பேச்சில் இது மார்பிளுக்குப் போய்விட்டது. மார்பிள் கால்சியம் கார்பனேட், கடினம் 3தான், அமிலம் பட்டால் நுரைக்கும். குவார்ட்ஸோடு அதற்கு எந்த உறவும் இல்லை. சலவைக்கல் என்ற நல்ல சொல் இருக்கும்போது பளிங்கையும் ஏன் அதற்குக் கொடுத்தோம் என்பது புரியவில்லை.

ஊர்ப்புறத்தில் வயல் வரப்பிலும் கரட்டிலும் கிடக்கும் வெள்ளைக் குவார்ட்ஸுக்கு வெங்கச்சங்கல் என்று பெயர். இரண்டைத் தட்டினால் பொறி பறக்கும், இருட்டில் தட்டிப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. கொங்கு நாட்டில் இந்தக் கல்லோடு உறவு மிகப் பழையது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில் படிகம், செவ்வந்திக்கல், சூதுபவளம், பச்சைக்கல் போன்றவற்றில் மணி செய்த பட்டறைத் தடயங்கள் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது இந்த ஊர்தான் என்பார்கள்.

அப்புறம் என்னதான் எழுதுவது? கனிமத்தின் பெயர் குவார்ட்ஸ் என்றே இருக்கட்டும். உலகெங்கும் அதுதான், குவார்ட்ஸ் கடிகாரம் வழியாக நம் வீட்டுக்குள்ளும் எப்போதோ வந்துவிட்டது. படிகம் என்றால் வடிவம், எந்தக் கனிமத்துக்கும் பொது: குவார்ட்ஸ் படிகம், கால்சைட் படிகம். நிறமற்ற தெளிந்த குவார்ட்ஸுக்கு மட்டும் ஸ்படிகம். ஸ்படிக மாலை, ஸ்படிக லிங்கம் என்று மக்கள் ஏற்கெனவே அந்தப் பொருளில்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கிரந்த எழுத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் படிகக்கல் என்று எழுதலாம், தவறில்லை, ஆனால் வெறும் படிகம் என்று நிறுத்திவிடக் கூடாது. பாறை இடுக்கில் முகமோ முனையோ இல்லாமல் நிறைந்து கிடப்பது வெங்கச்சங்கல். (ஸ்படிக மாலை என்று கண்ணாடி மணி விற்பவர்கள் நிறைய. மணிக்குள் உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

நிற வகைகளில் செவ்வந்திக்கல் அழகான பெயர், அமெதிஸ்டுக்கு அதையே எழுதலாம். கொஞ்சம் இரும்பும் பாறையின் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்து கொடுக்கும் ஊதா அது. சூடாக்கினால் மஞ்சளாகும், சந்தையில் சிட்ரின் என்று கிடைப்பதில் பெரும்பகுதி இப்படிச் சுட்ட செவ்வந்திக்கல்தான். விற்பவர் அதைச் சொல்ல வேண்டும். புகைநிறக் குவார்ட்ஸுக்கு நிறம் தருவது அலுமினியமும் கதிர்வீச்சும்.

ஸ்பெசிமன் என்பதற்கு மாதிரி என்று எழுதுகிறார்கள். ஆய்வுக்கு உடைத்து எடுத்த துண்டுக்கு அது சரி. ஆனால் சேகரிப்பவர் தேடுவது முனை உடையாத, பளபளப்புக் குறையாத, தான் ஒட்டி வளர்ந்த தாய்ப்பாறையோடு சேர்ந்தே வந்த ஒன்றை. அதற்கு மாதிரி என்ற சொல் போதாது, படிகத்துண்டு, படிகக்கொத்து என்று பார்ப்பதைச் சொல்வதே மேல். இதற்கு நம் நாட்டிலேயே உலகப் புகழ்பெற்ற இடம் இருக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பாய்ந்து பசால்ட் என்ற கரும்பாறையாக இறுகியபோது வாயுக் குமிழிகள் பொந்துகளாக நின்றுவிட்டன. பின்னாளில் ஊறிய நீர் அவற்றுக்குள் சால்செடனி, குவார்ட்ஸ், இளஞ்சிவப்பு ஸ்டில்பைட், பச்சை அபோபிலைட் என்று பல கனிமங்களை வளர்த்தது. புனே, நாசிக், ஜல்காவ் பக்கத்துக் கல்குவாரிகளிலும் கிணறு வெட்டும் இடங்களிலும் இவை வெளிவருகின்றன. புனே அருகே வாகோலியில் கிடைக்கும் காவன்சைட் என்ற நீலக் கனிமத்தின் உருண்டைகளை உலக அருங்காட்சியகங்கள் வாங்கி வைத்திருக்கின்றன.

அப்படி ஒன்று கையில் வந்தால் சீட்டில் "ஸ்டில்பைட், குவார்ட்ஸ் படிகங்களுடன், பசால்ட் தாய்ப்பாறையில், ஜல்காவ், மகாராஷ்டிரம்" என்று எழுதுங்கள். ஊர் தெரியாவிட்டால் ஊகித்து நிரப்பாமல் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், பின்னால் வாங்குபவர் அந்த ஊர்ப் பெயரை நம்பித்தான் கல்லை எடுப்பார்.