அல்லி: எந்தக் குளத்து மருந்து?

அல்லியையும் தாமரையையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியிருக்கிறோம். மருந்தாக உட்கொள்ள நினைப்பவர் முதலில் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். தாமரை இலை வட்டமாக, பிளவில்லாமல், நடுவில் காம்பு தாங்க நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். அல்லி இலை ஓரத்திலிருந்து காம்புவரை பிளந்து, நீரோடு ஒட்டி மிதக்கும். தாவரவியலிலும் இரண்டுக்கும் இடையே பெரும் தூரம் உண்டு. பூக்கும் தாவரங்களின் பரிணாமத்தில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்துபோன கிளையைச் சேர்ந்தது அல்லி. தாமரையோ மக்கடேமியா போன்ற மரங்களுக்கு உறவான, பிற்காலத்துக் கிளையைச் சேர்ந்தது.

அல்லிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. இரவில் மலர்ந்து மறுநாள் வெயில் ஏறியதும் கூம்பிவிடும், இலை விளிம்பு பற்களாக வெட்டுப்பட்டிருக்கும் அல்லி, நிம்ஃபியா புபெசென்ஸ் என்ற இனம். பகலில் மலரும் நீலோற்பலம் நிம்ஃபியா நௌசாலி எனப்படும். இலங்கையின் தேசிய மலரும் இதுவே. பழைய ஆய்வேடுகளிலும் மருந்து நூல்களிலும் நிம்ஃபியா ஸ்டெல்லேட்டா என்று காணப்படுவது பெரும்பாலும் இந்த நௌசாலியைத்தான்.

இச்செடி நெடுங்காலமாக உணவாகவும் இருந்து வருகிறது. கணவனை இழந்த பெண்கள் ஆம்பலின் விதையாகிய அல்லி அரிசியை உண்டு வாழ்ந்ததைச் சங்கப் பாடல் சொல்கிறது. வங்கதேசத்தில் இன்றும் அல்லித் தண்டைத் தோலுரித்து இறாலோடு குழம்பு வைக்கிறார்கள். இலங்கையில் விதையை ஓலு அரிசி என்ற பெயரில் சமைக்கிறார்கள். சித்த மருத்துவம் பூவை உடற்சூடு, மிகுந்த தாகம், நீரிழிவு, கண்ணெரிச்சல் ஆகியவற்றுக்கும், கிழங்கை வயிற்றுப்போக்கு, இரத்தமூலம், வெள்ளைப்படுதல் ஆகியவற்றுக்கும் சொல்கிறது. யூனானியில் அல்லிப் பூவால் செய்யும் நிலோஃபர் சர்பத் பெயர் பெற்றது.

இந்தப் பயன்பாடுகளில் பல ஒரே வேதிப்பண்பிலிருந்து பிறப்பவை. அல்லியின் எந்தப் பகுதியை மென்றாலும் நாக்கு வறண்டு இழுப்பதுபோலத் துவர்க்கும். கேலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம் ஆகியவற்றைக் கட்டுமானக் கற்களாகக் கொண்ட டானின்கள் அச்செடியில் நிறைந்திருப்பதே இதற்குக் காரணம். டானின் மூலக்கூறில் பல ஹைட்ராக்சில் கைகள் இருக்கின்றன. அவை ஒரே நேரத்தில் பல புரத இழைகளைப் பற்றிக்கொண்டு, ஒன்றோடொன்று கட்டி, நீரில் கரையாத படலமாக்கிவிடுகின்றன. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் பச்சைத் தோல் பதப்பட்டு இறுகுவதும் இதே வினைதான். குடலின் உட்பரப்பில் இது மிக மெல்லிய அளவில் நிகழும்போது சுரப்பு குறைகிறது, எரிச்சலுற்ற சவ்வுக்கு மேல் ஒரு காப்பு படிகிறது, சிறு இரத்தக் கசிவு அடங்குகிறது. வயிற்றுப்போக்குக்கும் இரத்தமூலத்துக்கும் கிழங்குக் கஷாயம் கொடுத்தவர்களின் அனுபவத்துக்கு அடிப்படை இதுவே. ஆனால் காலரா போன்ற கடும் பேதியில் உயிரைக் காப்பது உப்புச் சர்க்கரைக் கரைசலும் மருத்துவமனையும்தான். கஷாயம் அவற்றின் இடத்தை ஒருபோதும் எடுத்துக்கொள்ள முடியாது.

பற்றிக்கொள்ளும் இந்தக் குணம் புரதத்தோடு நிற்பதில்லை. அல்லிக் கிழங்கை இரும்பு அரிவாள்மணையில் நறுக்கிச் சற்று நேரம் விட்டால், வெட்டுவாயிலும் அலகிலும் நீலமும் கறுப்பும் கலந்த கறை படரும். டானின் இரும்பைப் பிணைத்ததன் அடையாளம் அது. பழங்கால எழுத்து மை இதே வினையால்தான் தயாரிக்கப்பட்டது. நாம் உண்ணும் கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்புக்கும், மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரைக்கும் குடலுக்குள் நேர்வது இதுதான்: டானினோடு பிணைந்த இரும்பு உடலில் சேராமல் வெளியேறுகிறது. மாதவிடாயில் மிகுந்த உதிரப்போக்குக்காக அல்லியை நாடும் பெண்களே பெரும்பாலும் இரத்தசோகை உள்ளவர்களாகவும் இருக்கிறார்கள் என்பதால், இதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. மாத்திரைக்கும் கஷாயத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். நீண்டநாள் உதிரப்போக்குக்கான காரணத்தைக் கண்டறியாமல் கஷாயத்தைத் தொடரவும் கூடாது.

நீரிழிவைப் பற்றிய பேச்சு இன்னும் நுட்பமானது. உணவிலுள்ள மாவுச்சத்து இரத்தத்தில் சேர வேண்டுமானால், சிறுகுடல் சுவரிலுள்ள ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதி அதைக் குளுக்கோஸாக உடைக்க வேண்டும். அல்லி விதையிலும் பூவிலும் உள்ள பாலிபீனால்கள் (டானின்களும் இவ்வகைச் சேர்மங்களே) இந்த நொதியை மந்தப்படுத்துவது சோதனைக்குழாயில் காணப்பட்டிருக்கிறது; அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை வேலை செய்வதும் இதே வழியில்தான். சென்னை லயோலா கல்லூரி ஆய்வாளர்கள் நீலோற்பலப் பூவிலிருந்து நிம்ஃபயால் என்ற ஸ்டீரால் வகைச் சேர்மத்தைப் பிரித்தெடுத்து, கணையம் சிதைக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்து, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஓரளவு மீண்டதாக 2009-இல் வெளியிட்டனர். ஊக்கமளிக்கும் முடிவு இது. எனினும் எலியில் தூய சேர்மம் செய்ததை, மனிதரில் ஒரு கைப்பிடி உலர்ந்த பூ செய்யும் என்று கொள்வதற்கு அறிவியலில் இடமில்லை. இன்சுலினோ கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் இதையும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை எதிர்பாராமல் தாழும் வாய்ப்பும் உண்டு; ஆகவே சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரியாமல் இதைத் தொடங்கக்கூடாது. அல்லி அரிசியைச் சோற்றுக்கு மாற்றாக அளவோடு உண்பது வேறு. செறிவூட்டிய சூரணத்தை நாள்தோறும் விழுங்குவது வேறு.

ப்ளூ லோட்டஸ் என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படுவது தாமரை அன்று. எகிப்தின் நீல அல்லி, நம் நீலோற்பலத்தின் ஆப்பிரிக்க வகை. துட்டன்காமுன் கல்லறை மாலைகளில் இடம்பெற்ற மலர் அது. அதிலுள்ள நியூசிஃபெரின் என்ற ஆல்கலாய்டு (நைட்ரஜன் கொண்ட தாவரச் சேர்மம்), மூளையின் டோபமின், செரட்டோனின் ஏற்பிகளோடு பிணைவதாக 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பூவைத் தண்ணீரில் கொதிக்கவைக்கும்போது இத்தகைய ஆல்கலாய்டுகள் குறைவாகவே இறங்கும். இறங்கியதிலும் ஒரு பகுதியைக் கஷாயத்தின் டானின்களே வீழ்படிவாக்கிவிடும். ஆல்கலாய்டு நஞ்சுகளுக்கு முறிவாக டானிக் அமிலத்தை ஒரு காலத்தில் மருத்துவர்கள் கொடுத்ததும் இந்தக் காரணத்தால்தான். ஆனால் ஆல்கஹாலில் வடித்த பிசினைச் சூடாக்கிப் புகையாக இழுக்கும்போது இந்தத் தடைகள் எவையும் இல்லை. குடலையும் கல்லீரலையும் தாண்டி, நுரையீரல் வழியாகச் சில நொடிகளில் அது மூளையை அடைகிறது. அமெரிக்கப் படைவீரர் ஐவர் இப்படிப்பட்ட சரக்கால் மனம் குழம்பிய நிலையில் அவசர சிகிச்சைக்கு வந்ததை அந்நாட்டு ராணுவ மருத்துவர்கள் 2023-இல் பதிவு செய்தனர். அவர்களுள் நால்வர் வேப் கருவியில் இழுத்தவர்கள், ஒருவர் பானமாகக் குடித்தவர். பாரம்பரிய மருந்து என்ற சொல் இந்தப் பழக்கத்துக்குச் சற்றும் பொருந்தாது.

இவை அனைத்தையும்விட நம் ஊர்களில் அதிகம் கவனிக்கவேண்டியது, அல்லி வளர்ந்த தண்ணீர். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அதன் கிழங்கு உயிர்வாழ்வதே ஒரு வியப்பு. நீரல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் பூச்செடி ஒன்றில், இளம் இலைகளுக்குள் புகும் காற்று வெயிலின் சூட்டால் அழுத்தம் பெற்று, காம்பின் குழாய்கள் வழியாகச் சேற்றிலுள்ள கிழங்குவரை இறங்கி, முதிர்ந்த இலைகள் வழியாக வெளியேறுவதை ஜான் டேசி 1980-இல் கண்டறிந்தார். நம் அல்லித் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அத்தகைய காற்றுக்குழாய்கள் வெறுங்கண்ணுக்கே தெரியும். இவ்வாறு சேற்றில் வேரூன்றி வாழும் செடி, சேற்றில் தேங்கியிருப்பதையும் உறிஞ்சுகிறது. அல்லி இலைகளின் அடிப்புறத்திலுள்ள நுண்சுரப்பிகளில் காட்மியம் முதலிய கன உலோகங்கள் சேர்வதையும், அங்குள்ள பாலிபீனால்கள் அவற்றைப் பிணைத்து வைப்பதையும் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினர். குடலில் நமக்கு நன்மை செய்யும் அதே பற்றும் குணம், அழுக்கு நீரில் செடியை உலோகக் கிடங்காக்கிவிடுகிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்க அல்லியை வளர்க்கலாம் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைப்பதும் இதனால்தான்; அப்படி வளர்ந்ததை அடுப்படிக்குக் கொண்டுவரக்கூடாது.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததை உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பில் பதிவு செய்தது. அத்தகைய இடத்து ஏரியில் மலர்ந்த அல்லி கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் பறிக்கத் தக்கதன்று. உலோகம் கொதிக்கவைப்பதால் போகாது. பச்சைப் பெயின்ட் கரைத்ததுபோல நீலப்பசும்பாசி படர்ந்த குளங்களில் உருவாகக்கூடிய மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சும் கொதிநிலையைத் தாங்கி நிற்கும். குளத்திலிருந்து வரும் இத்தகைய ஆபத்துகளுள் கொதியால் நிச்சயம் அழிவது ஒட்டுண்ணி: பீகார், உத்தரப் பிரதேசம், வங்கதேசம் ஆகிய பகுதிகளில் காணப்படும் குடல் தட்டைப்புழுவின் இளம் கூடுகள் நீர்ச்செடிகளின் மேல் ஒட்டியிருக்கும், தண்டையோ கிழங்கையோ பல்லால் உரித்துப் பச்சையாகத் தின்பவர் அவற்றையும் விழுங்கிவிடுகிறார். நன்றாகக் கழுவி வேகவைத்தால் இந்த ஆபத்து நீங்கும்.

கருவுற்றவர்களுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் செறிவூட்டிய அல்லி மருந்துகள் பாதுகாப்பானவை என்று சொல்லப் போதிய மனித ஆய்வுகள் இல்லாததால், அவர்கள் தவிர்ப்பதே முறை. மற்றவர்கள் பதிவுபெற்ற சித்த மருத்துவரின் மேற்பார்வையில், உரிம எண் அச்சிட்ட தயாரிப்பைப் பயன்படுத்தலாம். இந்திய விதிமுறை மூலிகை மருந்தில் பத்து லட்சத்தில் ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பிட்டிருக்கிறது. சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் பூவுக்கும் கிழங்குக்கும் அந்தச் சோதனை நடப்பதில்லை. தோல் பதனிடும் ஊர்களின் மண்ணில் படிந்திருக்கும் குரோமியம் இந்த நான்கு உலோகங்களுள் இல்லை. ஆகையால் அந்தப் படுகையிலிருந்து வந்த சரக்கை, சோதனைச் சான்று கையில் இருந்தாலும், வாங்காமல் விடுவதே சரி.