காதும் கண்ணும் சேர்ந்து குறையும்போது வெளிநாட்டுப் பயணம்: பார்வை மிச்சம் இருக்கும்போதே பழக வேண்டியவை

போர்டிங் பாஸில் உள்ள பொடி எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்கிறார். அடுத்த நொடியே முழங்காலுக்கு எதிரே நிற்கும் தள்ளுவண்டியில் முட்டிக்கொள்கிறார். பின்னால் நிற்பவர் மூன்று முறை வழி கேட்டும் திரும்பவில்லை. சுற்றி நிற்பவர்கள் குடித்திருக்கிறார் என்றோ திமிர் என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். அஷர் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு விமான நிலையத்தில் இது வழக்கமாக நடப்பது.

காது கேளாமையும், பின்னால் ஓரங்களிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல வரும் பார்வை இழப்பும் சேர்ந்த மரபணுக் குறைபாடு இது. இது பரம்பரையாக வருவதை 1914-இல் விளக்கிய பிரிட்டிஷ் கண் மருத்துவர் சார்லஸ் அஷரின் பெயரால் வழங்குகிறது. முதல் வகையில் பிறவியிலேயே காது அறவே கேட்காது. உடல் சமநிலையும் பாதிக்கப்பட்டிருக்கும். பத்து வயதுக்குள் மாலைக்கண் தொடங்கிவிடும். இரண்டாம் வகையில் காது ஓரளவு கேட்கும், சமநிலை சரியாக இருக்கும், பார்வைச் சிக்கல் பெரும்பாலும் பதின்ம வயதில் தெரியவரும். மூன்றாம் வகையில் கேட்கும் திறனும் போகப்போகக் குறையும்.

தாய், தந்தை இருவருமே அறிகுறி இல்லாமல் இந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுகிற குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். காது கேளாத பிள்ளை ஒன்றரை வயது தாண்டியும் நடக்கவில்லை என்றாலோ, பொழுது சாய்ந்ததும் தடுமாறுகிறது என்றாலோ விழித்திரை மருத்துவரிடம் காட்டி, வெளிச்சம் படும்போது விழித்திரையில் எழும் மின்துடிப்பை அளக்கும் இ.ஆர்.ஜி. பரிசோதனை செய்துவிடுங்கள்.

இப்போது பயணத்துக்கு வருவோம். பார்வை போவதற்குள் உலகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் இவர்களுக்கு இருக்கும். அதில் தவறே இல்லை, போய் வாருங்கள். ஆனால் டிக்கெட் போடும் முன்பே வெள்ளைக் கோலையும், கையைத் தொட்டே பேசும் தொடுமொழியையும் பழகத் தொடங்குங்கள். "இன்னும் தெரிகிறதே, எதற்கு இப்போது?" என்று தள்ளிப்போடுவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு. கண் முழுவதும் போன பிறகு, பேச வழியில்லாத நிலையில், ஒரு புதிய மொழியைக் கையில் கற்பது பல மடங்கு கடினம்.

மிச்சமிருக்கும் பார்வை எப்படிப்பட்டது என்பதைக் கூட வருகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கையை முன்னால் நீட்டி விரல்களை மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு, அதற்கும் கீழே சுருங்கினால், நடுப்பார்வை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைப் பார்வையின்மை என்றே கணக்கிடுகிறது. 10 டிகிரி என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் 17 சென்டிமீட்டர் அகலம் தெரியும். பத்து மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர். ஆகவே அறிவிப்புப் பலகை தெரியவில்லை என்றால் இவரைக் கிட்டத்தில் இழுத்துப் போகாதீர்கள். பின்னால் தள்ளி நின்றால்தான் அதிக வரிகள் அந்த வட்டத்துக்குள் விழும். சைகை மொழிக்கும் இதே கணக்குத்தான். எதிரில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கைகளை நெஞ்சுக்கும் முகவாய்க்கும் இடையே சிறிய இடத்தில் வைத்துச் சைகை செய்யுங்கள். உடை தோல் நிறத்துக்கு மாறான ஒரே நிறத்தில் இருக்கட்டும். கட்டம் போட்ட சட்டையின் முன்னால் விரல்கள் காணாமல் போய்விடும்.

இருட்டு இவர்களுக்கு இரட்டைச் சுமை. வெயிலிலிருந்து கட்டடத்துக்குள் நுழைந்தால் கண் பழக நெடுநேரம் பிடிக்கும், அதுவரை எதுவும் தெரியாது. வாசலைத் தாண்டியதும் ஓரமாக, சுவரில் கை வைத்து நின்றுவிடுங்கள். வாசலுக்கு நடுவில் நின்றால் பின்னால் வருபவர் இடிப்பார். விளிம்புள்ள தொப்பியும் அம்பர் நிறக் கண்ணாடியும் வெளியே கூச்சத்தைக் குறைக்கும். பயண மாதத்தையும் சூரியனைப் பார்த்தே தேர்ந்தெடுங்கள். டிசம்பரில் லண்டனில் மாலை 4 மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும்; ஜூனில் இரவு 9 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணி. காலையில் போய் இறங்கும் விமானம் சில ஆயிரம் ரூபாய் கூடுதல் என்றாலும் அதையே எடுங்கள்.

முதல் வகை அஷர் உள்ளவர்களைப் பற்றி மருத்துவர்களே பல நேரம் சொல்ல மறப்பது சமநிலை. காதின் உட்பகுதி சமநிலைக்கு உதவாததால், கண்ணையும் பாதத்தையும் வைத்தே இவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். கண்ணும் போனால் பாதம் ஒன்றுதான் மிச்சம். கடற்கரை மணல், படகு, ஆடும் ரயில், நகரும் நடைபாதை எல்லாம் அந்தப் பாதத்தையும் ஏமாற்றும். நீந்தும்போது தலை நீருக்குள் போனால் மேல் எது, கீழ் எது என்றே தெரியாமல் போகலாம். தனியாகக் கடலில் இறங்கவே கூடாது.

தொடுமொழியில் எதைக் கற்பது? பார்வை இருந்த காலத்தில் சைகை மொழி பேசியவர் அதே சைகைகளைப் பேசுபவரின் கைமேல் கை வைத்து உணரப் பழகலாம். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் தினமும் கால் மணி நேரம் பேசிப் பாருங்கள்.

முன்பின் தெரியாதவரோடு பேச உள்ளங்கையில் எழுதுவதுதான் எல்லா நாட்டுக்கும் பொது வழி. ஆட்காட்டி விரலால், ஒரே இடத்தில், ஒன்றன் மேல் ஒன்றாக எழுத்துகளை எழுத வேண்டும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வரிசையாக எழுதினால் குழப்பம்தான். சொல் முடிந்ததும் சற்று நிறுத்துங்கள். தவறினால் உள்ளங்கையைத் துடைப்பதுபோல் தேய்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். தமிழில் இதைச் செய்யும்போது ஒரு சிக்கல் உண்டு. ண, ன, ஞ போன்ற சுழி எழுத்துகள் உள்ளங்கையில் ஒன்றுபோலவே தோன்றும். கொ, கோ போன்றவற்றுக்கு இருபுறமும் குறி போட வேண்டும். அதனால் தமிழ் பேசுபவர்களுக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தமிழ்ச் சொற்களை எழுதும் பழக்கத்தையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். வெளிநாட்டிலும் அது உதவும்.

வேகம் வேண்டுமென்றால், கையின் வெவ்வேறு இடங்களைத் தொட்டு ஆங்கில எழுத்துகளைக் காட்டும் பிரிட்டனின் டெஃப்பிளைண்ட் மேனுவல் முறையைப் படியுங்கள். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்துகளுக்கும் கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை ஐந்து விரல் நுனிகளைத் தொட்டால் போதும். இந்தியச் சைகை மொழியின் எழுத்துகளும் இரண்டு கைகளால் போடப்படுபவைதான் என்பதால் நம் ஊர்ப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது எளிதில் வரும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வழங்கும் லோர்ம் முறை முற்றிலும் வேறு. உள்ளங்கையில் புள்ளிகளும் கோடுகளும் போடுவார்கள். ஒரு வாரப் பயணத்துக்காக அதைக் கற்க வேண்டாம்.

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒரு குறி, முதுகில் பெரிதாகப் பெருக்கல் குறி போடுவது. "ஆபத்து, கேள்வி கேட்காமல் உடனே என்னோடு வா" என்று பொருள். கூட வருபவருக்கு மட்டும் அல்லாமல் விமானப் பணிப்பெண்ணுக்கும் ஹோட்டல் வரவேற்பாளருக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கைக்கு அடக்கமான சில அட்டைகளை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வேண்டுகோள், போகும் நாட்டின் மொழியில், பத்துப் பன்னிரண்டு சொற்களுக்குள். "எனக்குக் காது கேட்காது, கண் தெரியாது. சாலையைக் கடக்க உதவ முடியுமானால் என் கையைத் தொடுங்கள்." வலது மேல் மூலையை வெட்டிவிட்டால் தலைகீழாகப் பிடிப்பதைத் தவிர்க்கலாம். எது எந்த அட்டை என்று தெரிய பின்பக்கம் பிரெய்லில் ஒரு எழுத்து ஒட்டுங்கள். நெஞ்சுக்கு நேரே பிடித்துப் பொறுமையாக நிற்க வேண்டும். தொட்டவர் உதவ வந்தவர்தானா, தற்செயலாக உரசியவரா என்று தெரியாமல் தடுமாறுவது பலருக்கும் நேர்வது. தொட்ட கை விலகாமல் அப்படியே இருந்தால்தான் உதவிக்கு வந்தவர்.

கோலில் சிவப்புப் பட்டைகள் இருந்தால் காதும் கேட்காது என்று பொருள். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் இது புரியும். அமெரிக்காவில் புரியாது; அங்கே சாதாரண வெள்ளைக் கோலின் அடிப்பகுதியே சிவப்பாக இருப்பது வழக்கம். அங்கு போனால் அட்டையைத்தான் நம்ப வேண்டும். தரையைத் தட்டித் தட்டிப் போகும் முறையைவிட, உருளும் நுனியைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துக்கொண்டு போவது இவர்களுக்கு நல்லது. தட்டும் ஓசை கேட்காது; அதிர்வு கைக்கு வரும். மடக்கும் கோல் ஒன்றும் நுனி இரண்டும் உபரியாகக் கைப்பையில் இருக்கட்டும்.

விமானப் பயணத்துக்கு வருகிறேன். இங்கேதான் அதிகம் கோளாறாகிறது. இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உதவி வேண்டும் என்பதை 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். பதிவில் பார்வைக் குறைபாட்டுக்கு ஒரு குறியீடு, காதுக்கு ஒரு குறியீடு. ஒன்றை மட்டும் போட்டுவிட்டால் வந்து நிற்கும் ஊழியர் காதில் கத்துவார், அல்லது கையசைத்துவிட்டுப் போய்விடுவார். இரண்டும் பதிவாகியிருக்கிறதா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். தனியாகப் போகலாமா என்றால், அமெரிக்க விதி தெளிவாக இருக்கிறது. பாதுகாப்பு விளக்கத்தைப் பெறவும், வெளியேறும்போது ஒத்துழைக்கவும் போதுமான அளவு ஊழியரோடு ஏதோ ஒரு வகையில் பேச முடிந்தால், துணையாளர் வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. அந்த "ஏதோ ஒரு வகை"யைக் காட்டத்தான் மேலே சொன்ன அட்டையும் உள்ளங்கை எழுத்தும்.

உதவி ஊழியர்கள் சக்கர நாற்காலியைத்தான் முதலில் நீட்டுவார்கள். நடக்க முடிந்தவர் மறுத்துவிடலாம். நாற்காலியில் போனால் எத்தனை திருப்பம், எந்தப் பக்கம் கழிப்பறை என்ற கணக்கு மனதில் தங்காது. ஊழியரின் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து, அரை அடி பின்னால் நடப்பதே சரி. பிடித்துத் தள்ளுவதோ கோலை இழுப்பதோ கூடாது. பாதுகாப்புச் சோதனையில் கோல் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய்விடும். அந்த ஒரு நிமிடம் இவரது கையை எதன் மீதாவது வைத்துவிட்டுப் போகும்படி ஊழியரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் உடலைத் தடவிச் சோதிப்பது பெரும் அதிர்ச்சி தரும். முதலில் தோளைத் தொட்டு, பிறகு சோதிக்கும்படி அட்டையில் எழுதிக் காட்டலாம். அறுவை செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்பிளாண்ட் கருவி இருந்தால், அதன் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

விமானம் ஏறும் நுழைவாயில் மாறுவதைப் பெரும்பாலும் குரலில்தான் அறிவிப்பார்கள். உட்கார வைத்துவிட்டுப் போன ஊழியரின் பணிநேரம் முடிந்திருக்கலாம்; அடுத்தவருக்கு இவர் இருப்பதே தெரியாது. கவுன்ட்டருக்கு மிக அருகிலுள்ள இருக்கையைக் கேளுங்கள். விமான நிறுவனச் செயலியின் அறிவிப்பைப் போன் அதிர்வோடு வைத்து, போனில் வரும் எழுத்தைத் தொட்டுப் படிக்கும் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெய்ல் டிஸ்பிளேயில் படித்துக்கொள்ளுங்கள். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் அமைதியான அறையில் நன்றாக வேலை செய்யும், விமான நிலைய இரைச்சலில் சொதப்பும். பவர்பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். 20,000 மில்லிஆம்பியர்-மணி என்றால் ஏறத்தாழ 74 வாட்-மணி, அனுமதி வரம்பான 100-க்குள் அடங்கும். பறக்கும்போது அதில் சார்ஜ் போடப் பல நிறுவனங்கள் விடுவதில்லை. ஏறும் முன்பே எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

விமானத்துக்குள் பணியாளர் இவரது கையைப் பிடித்து பெல்ட், இருக்கைக்கு அடியில் உள்ள உயிர்காப்பு உடை ஆகியவற்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். அவசர வாசல் வரை எத்தனை இருக்கை முதுகுகள் என்று தொட்டு எண்ண வைக்க வேண்டும். சூடான காபியைக் கையைத் தொடாமல் வைக்கவே கூடாது.

காதுக்கருவி பேட்டரியின் ஒட்டியைக் கிழித்தவுடன் போடாமல் ஓரிரு நிமிடம் காற்றுபட விடுங்கள். கிழித்ததை மறுபடி ஒட்டிச் சேமிக்க முடியாது. ஈரப்பதமான ஊர்களில் இரவில் சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் கருவி இருக்கட்டும்.

சாலையில் பீப் ஒலி எழுப்பும் சிக்னல் இவர்களுக்குப் பயனில்லை. பிரிட்டனில் பாதசாரிப் பொத்தான் பெட்டிகள் பலவற்றின் அடியில் சிறிய கூம்பு ஒன்று இருக்கும். பச்சை மனித உருவ விளக்கு எரியும்போது அது சுழலும். விரலை வைத்துக்கொண்டு நின்றால் போதும். ஆஸ்திரேலியாவில் பொத்தான் பெட்டியில் உள்ள தகடு அதிரும். நடைபாதையில் பதித்து, கோலுக்குத் தட்டுப்படும் புடைப்புள்ள தடக்கற்களை 1965-இல் வடிவமைத்தவர் ஜப்பானின் செய்இச்சி மியாகே. 1967-இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். இந்தியாவிலிருந்து ஐரோப்பாவின் பெருநிலத்துக்கோ அமெரிக்காவுக்கோ போகிறவர் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: முதல் வண்டி வரும் திசை மாறிவிடும். சுரங்கத்துக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் தெரிகிறவர் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்துவிட்டு இறங்கினால் இடப்பக்கத்திலிருந்து வரும் வண்டி புலத்துக்குள்ளேயே வராது.

ஹோட்டலில் கேட்க வேண்டியது தரைத்தளத்தில், வெளிவாசலுக்கு அருகில் ஓர் அறை. நெருப்பு எச்சரிக்கை மணி கேட்காது, மின்னும் விளக்கும் தெரியாது. தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுக் கருவியை விடுதியில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், அவசரத்தில் மாற்றுச் சாவியால் திறந்து உள்ளே வந்து முதுகில் அந்தப் பெருக்கல் குறியைப் போட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பணிமாற்றம் ஆகும்போது அடுத்தவரிடம் சொல்லும்படியும் கேளுங்கள். வாசலிலிருந்து அறை வரை கதவுகளைத் தொட்டு எண்ணி இரண்டு முறை நடந்து பாருங்கள். கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவிட்டால் பக்கத்து அறையைத் திறக்க முயலும் சங்கடம் இல்லை. குளியலறையில் ஷாம்பூ பாட்டிலுக்கும் ஒன்று.

எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு இடங்களைத் தயங்காமல் சொல்வோம். இத்தாலியின் அன்கோனா நகரில் 1993-இல் தொடங்கப்பட்ட ஒமெரோ அருங்காட்சியகத்தில், மைக்கலாஞ்சலோவின் படைப்புகள் உட்படப் புகழ்பெற்ற சிற்பங்களின் பிரதிகளைக் கையால் தடவிப் பார்க்கலாம். அதை உருவாக்கியவர்கள் பார்வையற்ற தம்பதியர். ஊர் ஊராகப் போயும் அருங்காட்சியகங்களில் எதையும் தொட விடாததால் தொடங்கினார்கள். மாட்ரிட்டில் ஸ்பெயின் பார்வையற்றோர் அமைப்பு 1992-இல் திறந்த அருங்காட்சியகத்தில் உலகின் பெரிய கட்டடங்களின் சிறு மாதிரிகள் உண்டு. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டுப் போங்கள். இரண்டு கையையும் சிலையின் தலையில் வைத்துத் தொடங்கிக் கீழே இறங்குங்கள். கூட வருபவர் கையைப் பிடித்து இழுக்காமல், தன் கையை அடியில் கொடுத்து அழைத்துப் போகட்டும். ஒரு சிலைக்கு அரை மணி நேரம் ஆகும். தொட்டுப் பார்ப்பதும் தொடுமொழியில் பேசுவதும் மூளையைக் களைக்க வைப்பவை. நாளுக்கு ஒரு இடம், பிற்பகலில் உறக்கம் என்று திட்டத்தைத் தளர்வாகப் போடுங்கள்.