மழை விதியின் கணக்கு: விக்கெட்டுக்கும் விலை உண்டு

1997 ஜனவரி 1. ஜிம்பாப்வேக்குச் சுற்றுப்பயணம் வந்திருந்த இங்கிலாந்து அணி, ஹராரேயில் இரண்டாவது ஒருநாள் போட்டியில் ஆடியது. ஜிம்பாப்வே எடுத்தது 200 ரன். மழையால் ஓவர்கள் குறைய, இங்கிலாந்துக்கு இலக்கு மாற்றி எழுதப்பட்டது. ஏழு ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள். இரண்டு நாள் கழித்து, கோழிப்பண்ணைக்காரர் எடோ பிராண்டஸ் ஹாட்ரிக் எடுக்க, தொடரையே ஜிம்பாப்வே 3-0 என்று அள்ளிக்கொண்டது. ஹராரே ஆட்டத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மழையால் ஓவர் குறைந்தால் இலக்கை மாற்றிக் கணக்கிடும் டக்வொர்த்-லூயிஸ் முறை, சர்வதேசக் கிரிக்கெட்டில் முதன்முதலில் இலக்கு நிர்ணயித்தது அங்கேதான்.

அதற்கு முன்னால் இருந்த விதிகள் எதுவும் விக்கெட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் சராசரி ரன் விகிதம். 50 ஓவரில் 250 எடுத்த அணிக்கு எதிராக 25 ஓவர்தான் ஆட முடியும் என்றால், இலக்கு 126. பத்து விக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டு 25 ஓவர் அடித்து ஆடலாம் என்றால், துரத்தும் அணிக்கு அது பெரிய சலுகை. அதைச் சரிசெய்ய 1992 உலகக் கோப்பையில் ஒரு விதி வந்தது. இழந்த ஓவர்களுக்கு ஈடாக, முதல் அணி மிகக் குறைவாக ரன் எடுத்த ஓவர்களைக் கழிப்பார்கள். சிட்னி அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக தென்னாப்பிரிக்கா 13 பந்தில் 22 எடுக்க வேண்டிய நேரத்தில் மழை வந்தது. ஆட்டம் திரும்பத் தொடங்கியபோது மைதானப் பலகை காட்டியது: 1 பந்தில் 22. உண்மையில் 21. கழிக்கப்பட்ட இரண்டு ஓவர்களில் இங்கிலாந்து எடுத்ததே ஒரு ரன்தான். நன்றாகப் பந்து வீசியதற்கே தண்டனை!

ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரண்டு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் வேறு கேள்வியிலிருந்து தொடங்கினார்கள். மீதமிருக்கும் ஓவரிலும் விக்கெட்டிலும் இன்னும் எத்தனை ரன் எடுக்க முடியும்? சோறு பொங்க அரிசியும் வேண்டும், விறகும் வேண்டும். ஓவரும் விக்கெட்டும் அப்படித்தான். ஒன்று தீர்ந்தால் மற்றொன்று மிச்சமிருந்தும் பயனில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக, சதவீதமாகச் சொல்வதே இந்த முறையின் உயிர்நாடி. 50 ஓவரும் பத்து விக்கெட்டும் இருந்தால் 100 சதவீத வளம்.

இந்த முறைக்கு 2002-இல் திருத்தி வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள். 20 ஓவர் மீதம், விக்கெட் எதுவும் விழவில்லை என்றால் 56.6 சதவீதம். ஐந்து விழுந்திருந்தால் 38.6. ஏழு விழுந்திருந்தால் 21.2. அதே ஏழு விக்கெட் போன நிலையில் 50 ஓவர் மீதம் இருந்தால்? 22 தான்! முப்பது ஓவர் கூடுதலாகக் கொடுத்தாலும் கடைசி மூன்று விக்கெட்டால் அதைப் பெரிதாகப் பயன்படுத்த முடியாது. கிரிக்கெட் பார்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்த உண்மைதான், அது எண்ணாக மாறியிருக்கிறது. ஓவர் கூடக்கூட ரன் வேகமாக ஏறி, பிறகு ஒரு உச்சவரம்பை நோக்கித் தட்டையாகும் வளைகோடு. விழுந்த விக்கெட்டின் எண்ணிக்கைக்கு ஏற்ப அந்த உச்சவரம்பு இறங்கும். பழைய ஆட்டங்களின் ஸ்கோர்களிலிருந்து இந்த வளைகோடுகளை வரைந்தார்கள்.

மேலே சொன்ன 25 ஓவர் கணக்கை இப்போது போடுவோம். பத்து விக்கெட்டோடு 25 ஓவர் என்றால் 66.5 சதவீத வளம். 250-இல் அது 166. ஆகவே இலக்கு 167.

ரசிகர்கள் அதிகம் கோபப்படுவது வேறொரு இடத்தில். "அவங்களே 150 தான் எடுத்தாங்க, நமக்கு ஏன் 218?" என்று கேட்பார்கள். முதல் அணி 30 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 150 எடுத்திருக்கும்போது மழை வந்து, அவர்கள் இன்னிங்ஸ் அத்துடன் முடிந்தது என்று வையுங்கள். 50 ஓவர் இருக்கிறது என்று நம்பி நிதானமாக ஆடியவர்கள் அவர்கள். 52.4 சதவீத வளம் கையிலேயே நின்றுவிட்டது. பயன்படுத்தியது 47.6. துரத்தும் அணிக்கோ 30 ஓவர்தான் என்று முதல் பந்திலேயே தெரியும், அவர்களுக்கு 75.1. வித்தியாசம் 27.5 சதவீதம். முழு 50 ஓவருக்கான சராசரி ஸ்கோர் 245 என்று கொண்டால் அது 67 ரன். 150 உடன் 67 சேர்த்து, வெல்ல ஒரு ரன் கூட்டினால் 218. எனக்கு இது முழுக்க நியாயமாகவே படுகிறது.

துரத்தும்போது ஒவ்வொரு பந்துக்கும் இந்தக் கணக்கு மாறும். 2003 உலகக் கோப்பையில், டர்பனில், 268 எடுத்த இலங்கையைத் தென்னாப்பிரிக்கா மழைக்கு நடுவே துரத்தியது. 45-வது ஓவரின் ஐந்தாவது பந்தில் முத்தையா முரளிதரனை மார்க் பவுச்சர் சிக்ஸர் அடித்தார். ஸ்கோர் 229. அது வெற்றிக்குப் போதும் என்று எண்ணி, கடைசிப் பந்தைத் தடுத்து ஆடினார். ஆனால் ஆறு விக்கெட் விழுந்து ஐந்து ஓவர் மீதமிருந்த நிலைக்கு 229 சமன் ஸ்கோர். வெல்ல 230 வேண்டும். ஆட்டம் டை ஆனது, போட்டியை நடத்திய தென்னாப்பிரிக்கா வெளியேறியது. இன்னொரு விக்கெட் போயிருந்தால் சமன் ஸ்கோரே மேலே ஏறியிருக்கும்.

பழைய அட்டவணை மிகப்பெரிய ஸ்கோர்களில் தடுமாறியதால், பிறகு கணினியில் மட்டுமே போடக்கூடிய வடிவம் வந்தது. 2014-இல் பொறுப்பேற்ற ஸ்டீவன் ஸ்டெர்ன், இன்றைய அதிரடி ஆட்டத்துக்கு ஏற்ப வளைகோடுகளைத் திருத்தினார். பெயரும் டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் ஆனது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மழை வந்தால் நீங்கள் பார்ப்பது இதை அல்ல. அங்கே கேரளப் பொறியாளர் வி. ஜெயதேவன் உருவாக்கிய வி.ஜே.டி. முறை. அது இரண்டு வளைகோடுகளை வைத்துக் கணக்குப் போடுகிறது: வழக்கமாக ஓர் இன்னிங்ஸ் எப்படி வளரும் என்பதற்கு ஒன்று, ஓவர் குறைந்தால் இலக்கு எப்படி மாற வேண்டும் என்பதற்கு இன்னொன்று.