கடல் உள்வாங்கும் என்று காத்திருக்காதீர்கள்

"கடல் உள்வாங்கினால் ஓடு" என்று சுனாமிக்கான எச்சரிக்கையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் நாகப்பட்டினக் கரையில் அந்த ஒரு அடையாளத்தை மட்டும் நம்பி நிற்பது உயிருக்கே ஆபத்து.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, 2005 ஜனவரியில் நாகப்பட்டினத்துக் கீச்சாங்குப்பத்தில் ஒரு வீட்டுச் சுவரில் அலை விட்டுப்போன நீர்க்கறையை அளந்தோம். வெளிச்சுவரில் தெறித்த தண்ணீர் உயரத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால் உள்ளறைக் கறையைத்தான் நம்புவோம். காலண்டர் மாட்டிய ஆணிக்குச் சற்று மேலே, சேற்று நிறத்தில், நூல் பிடித்ததுபோல் ஒரு கோடு. உயர வித்தியாசம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியை வைத்து அங்கிருந்து கடல் மட்டம் வரை அளந்து இறக்கினோம். நாங்கள் அளந்தபோது ஓதம் (கடலின் அன்றாட ஏற்ற இறக்கம்) எவ்வளவு, அலை வந்தபோது எவ்வளவு என்று பார்த்து அதையும் சரிசெய்தால்தான் அது சுனாமியின் உயரம்.

ஸ்டாஃப் (அளவுக்கோல்) பிடித்திருந்த பையனிடம் அந்த வீட்டு அம்மா சொன்னார்: "மொதல்ல கடல் வத்தல தம்பி. ஏறித்தான் வந்துச்சு. அது திரும்பிப் போனப்பதான் தரை தெரிஞ்சுது. பாக்கப் போனவங்கள அடுத்தது அடிச்சுட்டுப் போயிடுச்சு."

சுனாமி எப்படிப் பரவியது என்று கணக்கிடும் கணினி மாதிரியும் அந்த அம்மா சொன்னதையேதான் சொல்கிறது. 2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்கு நிலநடுக்கத்தில் தொடங்கிய கடலடிப் பிளவு, சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. பிளவின் மேற்கே கடலடி எழும்பியது, கிழக்கே தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக் கரைக்கு முதலில் அலையின் பள்ளம் போய்ச் சேர, அங்கே கடல் உள்வாங்கியது. நமக்கும் கிழக்கிலங்கைக்கும் முதலில் வந்தது முகடு.

4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமி மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நமக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. அதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

2007 முதல் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் (இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) சுனாமி எச்சரிக்கை தருகிறது. நிலநடுக்கம் எங்கே, எவ்வளவு என்று தெரிந்ததும், முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் மாதிரிகளிலிருந்து ஒவ்வொரு கரைக்கும் அலை வரும் நேரத்தை எடுத்துவிடுவார்கள். எச்சரிக்கை வந்தால் கடலைப் போய்ப் பார்க்காதீர்கள். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய பாதையையும் தவிருங்கள்; ஆறு வழியாகவும் அலை உள்ளே ஏறும். முதல் அலை வடிந்துவிட்டது என்று படகையோ வலையையோ பார்க்கத் திரும்பாதீர்கள். அடுத்தது அரை மணி நேரம் கழித்துக்கூட வரும்.