மூன்றில் இரண்டு பங்கு, சரி. எதில்?

அரசமைப்புச் சட்டத் திருத்தம் என்றதும் "மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறோம். 368ஆவது பிரிவோ ஒவ்வோர் அவையிலும் இரண்டு கணக்குப் பார்க்கச் சொல்கிறது. வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; கூடவே அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும். 543 இடங்கள் கொண்ட மக்களவையில் அது 272. 390 பேர் வாக்களித்து 260 பேர் ஆதரித்தால் முதல் கணக்கு தேறும், மசோதா தேறாது. வெளிநடப்புச் செய்தவர் முதல் கணக்கில் காணாமல் போவார். இரண்டாவதில் எதிர்த்து வாக்களித்தவருக்குச் சமம்.

பின்னத்துக்கும் இங்கே மதிப்பு உண்டு. 1970இல் மன்னர் மானிய ஒழிப்பு மசோதாவுக்கு மாநிலங்களவையில் ஆதரவு 149, எதிர்ப்பு 75. 224இல் மூன்றில் இரண்டு 149.33. அந்த 0.33இல் மசோதா விழுந்தது. மக்களவை முன்பே நிறைவேற்றியிருந்தும் பயனில்லை. சாதாரண மசோதாவுக்கு இருக்கும், இரு அவைகளும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுக் கூட்டம் என்ற வழி இதற்குக் கிடையாது.

அறிமுகக் கட்டத்துக்கு மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2024 டிசம்பரில் 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதா 269–198 என்று அறிமுகமானதைத் தோல்வி என்று படிக்கக் கூடாது. நிறைவேற்றும் கட்டத்தில் அதே 467 பேர் வாக்களித்தால் 312 தேவைப்படும் என்பது வேறு விஷயம்.

வழக்கறிஞர்கள் முதலில் புரட்ட வேண்டியது மாநிலங்களின் ஏற்பு பற்றிய பகுதியை. குடியரசுத் தலைவர் தேர்தல், உச்ச, உயர் நீதிமன்றங்கள், மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் ஏழாவது அட்டவணையின் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், 368ஆவது பிரிவே கூட: இவற்றைத் தொட்டால் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களாவது ஏற்க வேண்டும். இன்றைய 28இல் 14. அங்கே சாதாரணப் பெரும்பான்மைத் தீர்மானமே போதும். காலக்கெடு எதுவும் சொல்லப்படவில்லை. மாநிலம் ஏற்கலாம், மறுக்கலாம். ஒரு சொல்லை மாற்ற முடியாது.

இடறுவது நேரடியாகத் தொடும்போது அல்ல, சுற்றிவளைத்துத் தொடும்போது. 97ஆவது திருத்தம் ஏழாவது அட்டவணையில் ஒரு வரியையும் மாற்றவில்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்கென்று புதிய பகுதியைச் சேர்த்தது. ஆனால் கூட்டுறவு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மாநிலங்களின் சட்டமியற்றும் அதிகாரம் சுருங்கியும் ஏற்பு வாங்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் அந்தப் பகுதியை ரத்து செய்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மட்டும் அது நிலைத்தது. கட்சித் தாவல் தடைக்கான பத்தாவது அட்டவணையில், நீதிமன்றங்கள் தலையிடக் கூடாது என்ற 7ஆவது பத்தியும் 1992இல் இப்படித்தான் போனது.

மாநிலங்களின் ஏற்பைப் பிறகு வாங்கிச் சேர்க்க வழியில்லை. மசோதா குடியரசுத் தலைவரிடம் போகும் முன்பே அந்த எண்ணிக்கை வந்திருக்க வேண்டும். போய்விட்டால் அவர் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். திருப்பி அனுப்பும் உரிமையை 1971இன் 24ஆவது திருத்தம் விட்டுவைக்கவில்லை.